எஞ்சின் டியூனிங்கில் தனித்தியங்கும் தரவுப் பதிவி

தனித்தியங்கும் தரவுப் பதிவி என்பது, ஓடிக்கொண்டிருக்கும் கார் எஞ்சினின் பல அளவீடுகளை ஒரே நேர அச்சில் தொடர்ச்சியாகப் பதிவுசெய்து, பின்னர் கணினியில் வரைபடமாகப் பார்க்க உதவும் சிறு மின்னணுக் கருவி ஆகும். பணிமனைகளில் இதனை டேட்டா லாகர் என்பர். மடிக்கணினி இல்லாமலேயே இது இயங்கும். காரின் கட்டுப்பாட்டுக் கணினியைச் சாராமல் தனக்கென உணரிகளையும் வைத்திருக்கும். 'தனித்தியங்கும்' என்ற அடைமொழிக்கு இவ்விரண்டுமே காரணம். இவற்றுள் இரண்டாவதே முக்கியமானது. காரின் கணினி தரும் பதிவு, அக்கணினி எதை நம்பியது என்பதைச் சொல்கிறது. தனிப் பதிவி, எஞ்சினில் உண்மையில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல முயல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில்தான் பெரும்பாலும் எஞ்சின்கள் பழுதாகின்றன.

'தனித்தியங்கும் இசியு' என்ற வேறொரு பொருளுடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது காரின் மூலக் கணினியை நீக்கிவிட்டு அதனிடத்தில் பொருத்தப்படும் மாற்றுக் கணினி. எஞ்சினை இயக்குவது அதன் வேலை. தரவுப் பதிவி எதையும் இயக்காது. பார்த்து எழுதி வைப்பதோடு அதன் வேலை முடிகிறது.

டியூனிங்கும் அதன் ஆபத்தும்

இக்காலப் பெட்ரோல் எஞ்சினில் எவ்வளவு எரிபொருளைத் தெளிப்பது, எந்தக் கணத்தில் தீப்பொறி தருவது என்பவற்றை இசியு எனப்படும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி முடிவு செய்கிறது. அதன் நினைவகத்தில் வாய்பாட்டுப் பலகை போன்ற அட்டவணைகள் உள்ளன. ஒரு பக்கம் எஞ்சினின் சுழற்சி வேகம், மறுபக்கம் உள்ளிழு குழாயின் காற்றழுத்தம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். அந்த எண்ணைக் கொண்டு இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கணினி கணக்கிடுகிறது. டர்போவைப் பெரிதாக்கினாலோ, கேம் தண்டை மாற்றினாலோ, வேறு அளவுள்ள இன்ஜெக்டர்களைப் பொருத்தினாலோ அந்த எண்கள் பொருந்தாமல் போகும். அவற்றை மறுபடியும் சரியாக நிரப்புவதே டியூனிங்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. இவ்விகிதத்தை லாம்டா 1 என்பர். காற்று இதைவிட அதிகமானால் மெலிந்த கலவை, எரிபொருள் அதிகமானால் செறிந்த கலவை. முழு ஆற்றலில் ஓடும்போது டர்போ இல்லாத எஞ்சினுக்கு 12.5 முதல் 13 வரையிலும், டர்போ எஞ்சினுக்கு 11 முதல் 12 வரையிலும் வைப்பது வழக்கம். கூடுதலாகத் தெளிக்கப்படும் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சி எரியறையைக் குளிர்விக்கிறது.

முழுச் சுமையில் கலவை மெலிந்தால் இந்தக் குளிர்ச்சி குறையும். தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேர்வதற்கு முன்பே, ஓரத்தில் இருக்கும் கலவை தானாகவே வெடித்து எரியும். இதுவே நாக்கிங் எனப்படும் தட்டல். அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகும். எரியறையில் உள்ள வாயுவின் வெப்பநிலையோ அதைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியிருந்தும் அலுமினியக் கலவையால் ஆன பிஸ்டன் உருகாமல் இருப்பதற்கு, எண்ணெயும் சிலிண்டர் சுவரும் வெப்பத்தை உடனுக்குடன் இழுத்துச் செல்வது ஒரு காரணம். பிஸ்டனின் தலையை ஒட்டி நிற்கும் மெல்லிய, சற்றுக் குளிர்ந்த வாயுப் படலம் இன்னொரு காரணம். தட்டலின் அழுத்த அலைகள் அந்தப் படலத்தைக் கலைத்துவிடுகின்றன. அதிக அழுத்தத்தில் ஓடும் டர்போ எஞ்சினில் கடுமையான தட்டல் சில விநாடிகள் நீடித்தாலே பிஸ்டன் பழுதாகலாம். ஓட்டுநரின் காதுக்கு அது எட்டாமலும் போகலாம். அந்தச் சில விநாடிகளைப் பிறகு நிதானமாக உட்கார்ந்து பார்ப்பதற்காகவே பதிவி பொருத்தப்படுகிறது.

என்னென்ன பதியப்படும்

சுழற்சி வேகம், காற்று–எரிபொருள் விகிதம், உள்ளிழு குழாயின் அழுத்தம், திராட்டில் திறப்பு ஆகிய நான்கும் அடிப்படை. எரிபொருள் அழுத்தம், எண்ணெய் அழுத்தம், உள்ளிழு காற்றின் வெப்பநிலை, வெளியேற்று வாயுவின் வெப்பநிலை, பேட்டரி மின்னழுத்தம் ஆகியவற்றைத் தேவைக்கேற்பச் சேர்ப்பர். அழுத்த உணரிகள் பெரும்பாலும் 0 முதல் 5 வோல்ட் வரை மின்னழுத்தம் தருபவை. வெளியேற்று வாயுவின் வெப்பத்தை அளக்கப் பள்ளிப் பாடத்தில் வரும் வெப்ப மின்னிரட்டையே பயன்படுகிறது. கே வகை மின்னிரட்டை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் மட்டுமே தருவதால், அதைப் பெருக்கித் தர ஒரு தனிச் சுற்று வேண்டும்.

சுழற்சி வேகத்தை அளப்பது எளிது போலத் தோன்றும். ஸ்பார்க் பிளக் கம்பியில் ஒரு கவ்வியை மாட்டினால், ஒவ்வொரு தீப்பொறியையும் எண்ணிக்கொள்ளலாம். ஆனால் சில எஞ்சின்களில் வெளியேற்று வீச்சின் முடிவிலும் ஒரு வீண் தீப்பொறி உண்டு. அதைக் கணக்கில் கொள்ளாமல் அமைத்தால், 3000 சுற்று 6000 சுற்று என்று பதிவாகும்.

அகல்பட்டை ஆக்சிஜன் உணரி

பதிவியின் உயிர்நாடி இந்த உணரிதான். பாஷ் நிறுவனத்தின் லாம்டா உணரி 1976-இல் வோல்வோ கார்களில் இடம்பெற்றது. அது குறும்பட்டை வகை. கலவை செறிந்திருந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், மெலிந்திருந்தால் 0.1 வோல்ட் என ஒரு சுவிட்சைப் போல மாறும். லாம்டா 1-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அது சொல்லும். எவ்வளவு தொலைவு என்று சொல்லாது. வினையூக்கி மாற்றிக்கு அது போதும். 11.8-ஐயும் 13-ஐயும் பிரித்தறிய வேண்டிய டியூனிங்குக்கு அது போதாது.

அகல்பட்டை உணரி இக்குறையைத் தீர்க்கும் முறை அழகானது. உணரியின் உள்ளே ஒரு நுண்ணறை உள்ளது. வெளியேற்று வாயு அதனுள் கசிந்து வருகிறது. அறையில் உள்ள கலவை எப்போதும் லாம்டா 1-ஆக இருக்கும்படி, ஒரு மின்னோட்டத்தின் மூலம் ஆக்சிஜன் அயனிகள் உள்ளேயோ வெளியேயோ இறைக்கப்படுகின்றன. சமநிலையைக் காக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதே அளவீடு. தராசில் எடைக்கற்களை வைத்துச் சமன் செய்தபின் கற்களை எண்ணுவது போன்றது இது. பரவலாகப் பயன்படும் பாஷ் எல்எஸ்யு 4.9 வகை உணரியின் பீங்கான் பகுதி, உள்ளிருக்கும் சூடேற்றியால் 780 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கப்படுகிறது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. உணரி அளப்பது லாம்டாவை மட்டுமே. கருவி அதை 14.7-ஆல் பெருக்கித்தான் விகிதமாகக் காட்டுகிறது. எத்தனால் முழுமையாக எரிய அதன் எடையைப் போல ஏறத்தாழ 9 மடங்கு காற்றே போதும். ஆகவே எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.7 என்ற எண் பொருந்தாது. இந்தியாவில் விற்கப்படும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 13.5 அளவில் வரும். திரையில் விகிதமாகப் பார்ப்பவர் தடுமாறுவார். லாம்டாவாகப் பார்ப்பவருக்கு எந்த எரிபொருளானாலும் 1 என்பது 1-தான். பழக்கத்தின் காரணமாகப் பலர் இன்னும் விகிதத்தையே விரும்புகின்றனர்.

விநாடிக்கு எத்தனை முறை

நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் விநாடிக்கு 100 சுற்று. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் எரியும். நான்கு சிலிண்டர்களையும் சேர்த்தால் விநாடிக்கு 200 எரிதல்கள். விநாடிக்கு 10 முறை பதியும் கருவியில், அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே 20 எரிதல்கள் கடந்துபோயிருக்கும். காற்று–எரிபொருள் விகிதத்துக்கு இவ்வேகம் ஓரளவு போதும். அந்த உணரியே அதைவிட மிக விரைவாகத் துலங்குவதில்லை. டர்போ அழுத்தம் திடீரென எகிறுவதைக் காண விநாடிக்கு 50 முதல் 100 வரை வேண்டும்.

தட்டலின் கதை வேறு. 86 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் அது ஏறத்தாழ 6.7 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிக்கும். ஓர் அலையைப் பிடிக்க அதன் அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. அதாவது விநாடிக்கு 13,400-க்கும் மேல். ஆகவே சாதாரணப் பதிவியால் தட்டலை நேரடியாகப் பதிய இயலாது. தட்டல் உணரியின் ஒலியை வேறொரு சுற்று வடிகட்டி, அதன் வலிமையை ஓர் எண்ணாக மாற்றித் தந்தால் அந்த எண்ணைப் பதியலாம். சிலர் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நேரடியாகக் கேட்பதையே இன்றும் நம்புகின்றனர்.

சேமிப்பிடம் இன்று ஒரு சிக்கலே அல்ல. 20 அளவீடுகளை விநாடிக்கு 50 முறை, ஒவ்வொன்றுக்கும் 2 பைட் வீதம் பதிந்தால் விநாடிக்கு 2000 பைட். ஒரு மணி நேரத்துக்கு 7.2 மெகாபைட். சிறிய எஸ்டி அட்டையிலேயே பல நாள் ஓட்டம் அடங்கும்.

ஒரு பதிவைப் படித்தல்

2 லிட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட டர்போ எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். டர்போ, வளிமண்டலத்துக்கு மேல் 1 பார் அழுத்தம் தருகிறது. மூன்றாம் கியரில் முழுத் திராட்டிலில் ஓட்டிய பதிவு கணினியில் திறக்கப்படுகிறது. 5000 சுற்று வரை விகிதம் 11.8 எனச் சீராக உள்ளது. அதற்கு மேல் மெல்ல ஏறி, 6000 சுற்றில் 13.5-ஐத் தொடுகிறது. இது ஆபத்தான மெலிவு.

விகிதம் ஒன்றை மட்டுமே பதிந்திருந்தால், அட்டவணையில் 6000 சுற்றுக் கட்டத்தில் எரிபொருளைக் கூட்டுவதே இயல்பான முடிவாக இருக்கும். ஆனால் இப்பதிவில் எரிபொருள் அழுத்தமும் உள்ளது. இவ்வகை எஞ்சினில் எரிபொருள் அழுத்தம் எப்போதும் உள்ளிழு குழாயின் அழுத்தத்தைவிட 3 பார் அதிகமாக இருக்க வேண்டும். உள்ளே 1 பார் என்றால், எரிபொருள் குழாயில் 4 பார் இருக்க வேண்டும். பதிவில் அது 3.3 பாராகச் சரிந்திருக்கிறது. அப்படியானால் இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கிடையே உள்ள வேறுபாடு 3 பார் அல்ல, 2.3 பார்தான். ஒரு துளை வழியாகப் பாயும் திரவத்தின் அளவு அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 2.3-ஐ 3-ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 0.876 வரும். எரிபொருள் 12 விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைந்துவிட்டது. 11.8-ஐ 0.876-ஆல் வகுத்தால் 13.5. பதிவில் உள்ள அதே எண்.

எனவே அட்டவணையில் பிழை இல்லை. பம்ப் ஈடுகொடுக்கவில்லை. பேட்டரி மின்னழுத்தக் கோட்டையும் பார்த்து, அது 13.8 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கியிருந்தால், ஆல்டர்னேட்டரையும் மின் இணைப்புகளையும் சோதிக்க வேண்டும். மின்னழுத்தம் நிலையாக இருந்தால் வடிகட்டி அடைத்திருக்கலாம், பம்பே சிறியதாக இருக்கலாம், அல்லது பம்புக்குச் செல்லும் கம்பியில் மட்டும் மின்னழுத்தம் இழக்கப்படலாம். இதை அறியாமல் அட்டவணையில் எரிபொருளைக் கூட்டினால், ஏற்கெனவே திணறும் பம்பின் மீது இன்னும் சுமை ஏறும்; அழுத்தம் மேலும் சரியும். காரின் சொந்தக் கணினிக்கு எரிபொருள் அழுத்த உணரி இல்லாவிட்டால், இன்ஜெக்டரைத் தான் சொன்ன நேரத்துக்குத் திறந்ததாகவும் எல்லாம் ஒழுங்காக நடந்ததாகவும்தான் அது எழுதி வைத்திருக்கும்.

பதிவே தவறாகும் இடங்கள்

தனிப் பதிவி தரும் எண்ணும் அப்படியே நம்பத்தக்கதல்ல. இவற்றுள் மிகவும் ஏமாற்றுவது தீப்பற்றாத எரிதல். ஸ்பார்க் பிளக் பழுதாகி ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால், அதில் இருந்த ஆக்சிஜன் முழுவதும் பயன்படாமல் வெளியேற்றுக் குழாய்க்கு வரும். எரியாத பெட்ரோலும் உடன் வந்தாலும், உணரிக்கு முதன்மையாகத் தெரிவது ஆக்சிஜன்தான். கலவை மெலிந்துவிட்டது என்று அது காட்டும். டியூன் செய்பவர் பெட்ரோலைக் கூட்டுவார். ஏற்கெனவே மிகச் செறிந்திருந்ததால்தான் தீப்பற்றவில்லை என்றால், நிலைமை இன்னும் மோசமாகும். உணரி இன்னும் மெலிவு என்று காட்டும். சுழற்சி வேகக் கோட்டில் சிறு நடுக்கம் தெரிகிறதா என்று பார்ப்பதே இதிலிருந்து தப்பும் வழி.

உணரிக்கு முன்னால் வெளியேற்றுக் குழாயில் சிறு ஓட்டை இருந்தாலும் இதே விளைவுதான். ஆற்றல் குறைந்த ஓட்டத்தில் அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும்.

எர்த் இணைப்பு அடுத்த வில்லங்கம். அகல்பட்டைக் கருவி 0 வோல்ட்டை 10 என்றும் 5 வோல்ட்டை 20 என்றும் கொண்டு பதிவிக்கு அனுப்புவதாகக் கொள்வோம். ஒரு வோல்ட்டுக்கு விகிதத்தில் 2. கருவியை ஓரிடத்திலும் பதிவியை வேறோரிடத்திலும் எர்த் செய்திருந்தால், முகப்பு விளக்கோ குளிர்விசிறியோ ஓடும்போது அவ்விரு இடங்களுக்கிடையே 0.1 வோல்ட் வேறுபாடு எளிதில் வந்துவிடும். பதிவில் அது 0.2 பிழையாகும். விளக்கைப் போட்டால் கலவை மாறுகிறது என்றால் குறை எஞ்சினில் இல்லை. எல்லா உணரிகளையும் ஒரே புள்ளியில் எர்த் செய்ய வேண்டும்.

காலத்தாமதத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். எரிந்த வாயு குழாய் வழியே உணரியை அடையவும், உணரி துலங்கவும் நேரம் ஆகிறது. மொத்தத் தாமதம் 0.2 விநாடி என்று கொண்டால், விநாடிக்கு 1000 சுற்று வீதம் ஏறும் எஞ்சினில், 5200 சுற்று என்ற புள்ளிக்கு எதிரே பதிவாகும் விகிதம் உண்மையில் 5000 சுற்றில் எரிந்த கலவையுடையது. அட்டவணைக் கட்டங்கள் 500 சுற்று இடைவெளியில் இருந்தால் ஏறத்தாழ அரைக் கட்டம் தள்ளித் திருத்துவோம். மென்பொருள்களில் ஒரு கோட்டை மட்டும் இடப்பக்கம் நகர்த்தும் வசதி இதற்காகவே உள்ளது. இரு கருவிகளின் பதிவுகளை ஒன்றாக்கும்போதும் கடிகாரங்கள் ஒத்துப்போவதில்லை. இரண்டிலும் சுழற்சி வேகத்தைப் பதிந்திருந்தால், அக்கோடுகளின் முகடுகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சரிசெய்யலாம்.

ஓபிடி வழிப் பதிவிகள்

அமெரிக்காவில் 1996 மாதிரி ஆண்டு முதல் கார்களில் ஓபிடி-2 எனப்படும் பொது ஆய்வு இணைப்பு கட்டாயமானது. அதில் சொருகும் விலை குறைந்த பதிவிகளும் உண்டு. உணரி எதையும் தனியே பொருத்த வேண்டியதில்லை என்பதால் தொடக்கநிலையினர் இவற்றை நாடுகின்றனர். கருவி ஒரு குறியீட்டை அனுப்பிக் கேட்கும்; காரின் கணினி பதில் தரும். சுழற்சி வேகம் இரண்டு பைட்டுகளாக வரும். முதல் எண்ணை 256-ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, 4-ஆல் வகுக்க வேண்டும். 46, 224 என்று வந்தால் 3000 சுற்று.

ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் பெற வேண்டும் என்பதால் பழைய கார்களில் விநாடிக்குச் சில அளவீடுகளே கிடைக்கும். வேறொரு வரம்பு இன்னும் ஆபத்தானது. உள்ளிழு குழாய் அழுத்தத்துக்கான வழக்கமான குறியீட்டில் ஒரு பைட் மட்டுமே உண்டு. ஆகவே 255 கிலோபாஸ்கலுக்கு மேல் எண்ணே இல்லை. டர்போ 280 கிலோபாஸ்கல் தந்தாலும் பதிவில் 255 என்ற தட்டையான கோடுதான் தெரியும். அழுத்தம் நன்கு கட்டுப்பட்டிருக்கிறது என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார்.

சந்தையில் உள்ளவை

கலிபோர்னியாவின் இன்னோவேட் நிறுவனத்தின் எல்எம்-2 கையடக்கக் கருவி இத்துறையில் நன்கு அறியப்பட்டது. அகல்பட்டை உணரி, எஸ்டி அட்டைப் பதிவு, ஓபிடி வாசிப்பு ஆகிய மூன்றும் அதில் ஒன்றாக உள்ளன. பந்தயப் பாதையில் வாகனத்தின் இருப்பிடத்தையும் வேகத்தையும் செயற்கைக்கோள் வழி பதிவதில் இங்கிலாந்தின் ரேஸ்லாஜிக் நிறுவனத்தின் விபாக்ஸும், கார்ட் பந்தயங்களில் இத்தாலியின் ஏஐஎம் நிறுவனத்தின் மைக்ரானும் பெயர் பெற்றவை. மெல்போர்னில் 1987-இல் தொடங்கப்பட்ட மோடெக் நிறுவனத்தின் பதிவிகளும் ஐ2 என்னும் ஆய்வு மென்பொருளும் தொழில்முறைப் பந்தய அணிகளில் பரவலாக உள்ளன.

பயன்படுத்தும் முறை

பொதுச் சாலையில் முழுத் திராட்டில் சோதனை செய்வது சட்டப்படியும் பாதுகாப்பின்படியும் தவறு. டைனமோமீட்டர் உருளைகளின் மீதோ மூடிய பாதையிலோ செய்ய வேண்டும். டைனமோமீட்டரில் விசிறி தரும் காற்று, ஓடும் காரில் மோதும் காற்றுக்கு ஈடாகாது. உள்ளிழு காற்றின் வெப்பநிலை அங்கே கூடுதலாக இருக்கும். அதனால் அங்கே டியூன் செய்த காரைப் பாதையிலும் ஒருமுறை பதிந்து ஒப்பிடுவர். ஓட்டுநர் ஓட்டும்போது திரையைப் பார்க்கத் தேவையில்லை என்பது தனிப் பதிவியின் பெரிய நன்மை. ஒரு பொத்தானை அழுத்திவிட்டு ஓட்டினால் போதும்.

எதையும் மாற்றுவதற்கு முன், கார் இருந்தபடியே ஒரு பதிவு எடுத்து வைப்பது அவசியம். அந்நாளின் காற்று வெப்பநிலை, எரிபொருள் வகை, கியர் ஆகியவற்றையும் கோப்பில் குறித்து வைக்க வேண்டும். பின்னர் ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து மறுபடியும் பதிய வேண்டும்.

வேலை முடிந்ததும் பதிவியைக் கழற்றிவிட்டு உணரியை மட்டும் குழாயிலேயே விட்டுவிடுவோர் உண்டு. மின்சாரம் இல்லாத உணரியின் சூடேற்றி இயங்காது. குளிர்ந்த பீங்கானில் கரி படிந்து சில நாட்களிலேயே அது பழுதாகும். உணரியையும் கழற்றி, அந்தத் துளையை ஒரு திருகு மூடியால் அடைத்துவிட வேண்டும். ஈயம் கலந்த பந்தய எரிபொருளில் ஓடும் காரில், சூடாக இருந்தாலும்கூட இந்த உணரியின் ஆயுள் குறைவுதான்.